முகட்டு வழி

ரிஷிகள் வந்தித்த தலமாதலின் ரிஷிவந்தியம் எனப் பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் ஊரில், அர்த்தநாரீசுவரருக்குத் தேனபிஷேகம் நிகழும்போது, இலிங்கத் திருமேனியில் அம்மையும் அப்பனும் ஓருடலாய் நிற்கும் வடிவம் தோன்றுவதாகப் பக்தர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ஒரு மார்கழி மாதத்தில் நண்பர்கள் மூவருடன் அத்தரிசனத்தைப் பெற்று, மறுநாள் வைகறையில் கல்வராயன் மலைமுகட்டில் நடந்துவரப் புறப்பட்டபோது, நண்பர் ஒருவர், "அந்தக் காலத்தில் இந்தச் சந்நிதிக்குத் தேன் எந்த மலையிலிருந்து, யார் தலைச்சுமையாக வந்திருக்கும்?" என்று கேட்டார். அன்று முழுவதும் என் உள்ளத்தை விட்டு அகலாத கேள்வி அது.

கச்சிராயபாளையத்தைக் கடந்து கோமுகி அணையை அடைந்தால் மலை தொடங்கிவிடுகிறது. இன்று வெள்ளிமலை வரையில் பேருந்து செல்கிறது. நாங்களோ ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் அங்கமான கல்வராயன், சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவாகி, முன்னது சுமார் 2,700 அடியும் பின்னது சுமார் 4,000 அடியும் உயர்ந்து நிற்கிறது. முகட்டை எட்டியபோது பனி சமவெளியை முற்றிலும் மூடியிருந்தது. அதற்கு மேலே நாங்களும் வெயிலும் மட்டுமே இருந்தோம்.

இம்மலையின் குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள தேசத்தோடு இவர்களுக்கு யாதொரு சம்பந்தமுமில்லை. மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வார்கள்; பேசுவதும் தமிழே. காஞ்சியிலிருந்து கரியராமன் என்னும் தெய்வம் புறப்பட்டு வந்ததாகவும், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூவர் தத்தம் குடும்பத்துடன் அத்தெய்வத்தைப் பின்தொடர்ந்து வந்து, இப்பக்கத்து மலைகளில் பிரிந்து குடியேறியதாகவும் அவர்களது கர்ணபரம்பரைக் கதை கூறுகிறது. கதையைச் சரித்திரமென்று நான் கொள்ளவில்லை. ஆயினும் சமவெளியை விட்டு ஒரு ஜனசமூகம் ஏன் மலையேறிற்று என்பதை யோசிக்கும்போது, தெய்வமும் அவர்களோடு நடந்தே வந்தது என்னும் அந்நினைவு எனக்கு மிகவும் அருமையானதாகப் படுகிறது.

சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்பவர்களின் பெயரால் வழங்கிய ஜாகீர்கள் இங்கு நெடுங்காலம் நடைபெற்றன. கிருஷ்ணதேவராயர் அளித்த மானியம் என்று அவற்றின் தோற்றத்தைச் சொல்வது மரபு. கம்பெனி ஆட்சி வந்து, பிறகு மகாராணியின் ஆட்சி வந்து, சுதந்திரமும் வந்து, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் கீழ்நாட்டு ஜமீன்களெல்லாம் மறைந்த பின்னரும், இம்மலைமீது ஜாகீர்தார்களின் அதிகாரம் மறையவில்லை. சாமையும் தினையும் விளைவித்த குடியானவன் வரியும் செலுத்தி, கூலியின்றி ஜாகீர்தாரின் நிலத்தில் உழைத்தும் கொடுக்க வேண்டியிருந்தது. 1976இல்தான் அரசாங்கம் மலையைத் தன் நேர் நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் பாரத தேசம் முழுமைக்கும் பிறந்ததும் அதே ஆண்டில்தான். அடிவாரத்துக்கும் முகட்டுக்குமிடையே நாங்கள் நடந்த தூரம் சில நாழிகைதான். சட்டத்துக்கோ அதே தூரத்தை ஏறிக் கடக்க இருபத்தெட்டு ஆண்டுகள் வேண்டியிருந்தன என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

ஆகையால், நாங்கள் உல்லாசமாக நடந்த அவ்வழி உல்லாசத்துக்காக உண்டான வழியன்று. கடுக்காயும் புளியும் தேனும் தலையேறிச் சந்தைக்கு இறங்கியதும், உப்பும் துணியும் ஏறியதும், நோயாளிகளைத் தூளியில் கிடத்தித் தோளில் சுமந்து இறக்கியதும் இத்தகைய பாதைகளில்தான். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று; வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலை வட்டமும் ஏற்பட்டது. எனினும், 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து, இம்மலை மக்களின் சாலை முதலிய அடிப்படை வசதிகளைக் குறித்து விசாரிக்க வேண்டிய நிலைமைதான் இருந்தது.

உச்சிப்பொழுதில் முகட்டு வழி ஒரு திருப்பத்தில் மார்பளவு உயரமுள்ள தட்டைப் பாறையை ஒட்டிச் சென்றது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் எங்கள் முதுகுப் பைகளைப் பார்த்து, "அதும்மேல வைங்க தம்பி. குனியாம எறக்கலாம், குனியாம ஏத்தலாம். நாங்க அப்படித்தான்" என்றார். பாறையின் மேற்புறம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. பைகளை அதன்மீது இறக்கினோம். கிழக்கே பனி விலகி, கோமுகியின் நீர்ப்பரப்பு மெல்லத் தெரியத் தொடங்கிற்று.