கண்ணாடியில் கடலுயிர்: பிளாஷ்கா மாதிரிகளும் அறிவியல் – கலை எல்லையும் (1863–1890)

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் விலங்கியலைக் கற்பிக்கும் கூடங்களாக வளர்ந்தன. பறவையின் தோலைப் பதப்படுத்தலாம். பாலூட்டியின் எலும்புகளைக் கோத்து நிறுத்தலாம். இழுதுமீன், கடற்சாமந்தி போன்ற மென்மையான உடல்கொண்ட உயிர்களோ சாராயத்தில் இடப்பட்டதும் நிறம் வெளிறி உருக்குலைந்தன. இக்குறையை நிரப்ப எழுந்தவையே லியோபோல்ட் பிளாஷ்கா, அவர் மகன் ருடால்ஃப் ஆகியோரின் கண்ணாடி மாதிரிகள். இன்று கலைப்பொருள்களாகப் போற்றப்படும் இவற்றை அறிவியல் சான்றுகளாகவும் வாசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

தோற்றுவாய்: கடலா, அச்சுப்படமா?

லியோபோல்ட் (1822–1895) பொஹீமியாவின் கண்ணாடித் தொழிற்குடும்பத்தில் பிறந்தவர். கண்ணாடி அணிகலன்களும் செயற்கைக் கண்களும் செய்தவர். 1853-இல் அமெரிக்கா நோக்கிச் சென்ற கப்பல் காற்றின்றி நடுக்கடலில் நின்றபோது, இரவில் ஒளிர்ந்த கடலுயிர்களை அவர் கண்டார். இந்நிகழ்வே அவரது கலையின் தொடக்கமெனப் பலரும் குறிப்பர். ஆனால், முதல் கடலுயிர் மாதிரிகள் பத்தாண்டுகள் கழித்து, 1863-இல், டிரெஸ்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக இயக்குநர் லுட்விக் ரைஹன்பாஹ் கேட்டுக்கொண்டதன்பேரிலேயே உருவாயின. அவற்றுக்கு மூலமாக அமைந்தவை, பிரித்தானியக் கடற்சாமந்திகள் குறித்துப் பிலிப் ஹென்றி காஸ் 1860-இல் வெளியிட்ட நூலின் வண்ணப்படங்கள். ஆகவே, கடலனுபவம் ஆர்வத்தை விதைத்திருக்கலாம். வடிவத்தை வழங்கியது அச்சுப்படமே.

செய்முறையும் சந்தையும்

கண்ணாடிக் குழல்களையும் கோல்களையும் விளக்குச் சுடரில் இளக்கி உறுப்புகள் உருவாக்கப்பட்டன. நுண்ணிய உணர்கொம்புகள் தனித்தனியே செய்யப்பட்டுப் பசையாலும் கம்பியாலும் இணைக்கப்பட்டன; பின்னர் நிறம் தீட்டப்பட்டது. ஒளி ஊடுருவும் உடலைக் காட்டுவதில் மெழுகைவிடக் கண்ணாடி பொருத்தமாக இருந்தது. காலப்போக்கில் இருவரும் வீட்டுத் தொட்டிகளில் உயிருள்ள கடலுயிர்களை வளர்த்து நோக்கினர்; படத்தைப் பார்த்துச் செய்தல், உயிரைப் பார்த்துச் செய்தலாக வளர்ந்தது. 1888-ஆம் ஆண்டு விலைப்பட்டியலில் 700 மாதிரிகள் இடம்பெற்றன. லண்டன், டப்ளின் அருங்காட்சியகங்களும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் இவற்றை வாங்கின. வாங்கியோரின் முதன்மை நோக்கம் அலங்காரமன்று, கற்பித்தலே.

ஹெக்கலும் பினேயும்: ஓர் ஒப்பீடு

விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1899 முதல் 1904 வரை வெளியிட்ட இயற்கையின் கலைவடிவங்கள் பற்றிய 100 படத்தாள்கள், உயிர்வடிவின் சமச்சீரை முன்னிறுத்தின. ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிர்களைப் பற்றிய ஹெக்கலின் ஆய்வுப்படங்களால் ஊக்கம் பெற்ற ரெனே பினே, 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியின் பெருவாயிலை வடிவமைத்தார். வாயிலில் நுண்ணுயிர் கட்டடமாகிறது. அது எந்தச் சிற்றினம் என்ற வினா அங்கு எழுவதில்லை. பிளாஷ்கா மாதிரியிலோ அவ்வினாவே அடிப்படை. சிற்றினத்தை இனங்காண இயலாத மாதிரி, எத்துணை அழகாயினும், தன் பணியில் தோற்றதாகும். கடலுயிர்களை மூலமாகக் கொண்ட படைப்புகள் அனைத்தையும் ஒரே வகையில் அடக்குவதன் போதாமையை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

வீழ்ச்சியும் மீள்வாசிப்பும்

1890-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துடன் ஏற்பட்ட ஒப்பந்தம் இருவரையும் முழுமையாகத் தாவர மாதிரிகளின் பக்கம் திருப்பியது. கடலுயிர் மாதிரிப் பணி முடிவுற்றது. ருடால்ஃப் 1936-இல் ஓய்வுபெற்றார். கைத்திறனை ஏற்க வழித்தோன்றலோ மாணவரோ இல்லை. பின்னாளில் கார்னெலின் கடலுயிரியலாளர் டுரூ ஹார்வெல், மாதிரிகள் சுட்டும் உயிரினங்கள் இன்றைய கடலில் எந்நிலையில் உள்ளன எனத் தேடி, 2016-இல் நூலாக வெளியிட்டார். கற்பித்தலுக்காகச் செய்யப்பட்ட பொருள், சூழலியல் ஒப்பீட்டுக்கான அளவுகோலாயிற்று.

முடிவுரை

பிளாஷ்கா மாதிரிகள் பாதுகாப்பு முறையின் இயலாமையிலிருந்து பிறந்து, அச்சுப்படத்தால் வடிவம் பெற்று, நேர்நோக்கால் செம்மையுற்றவை. கலைப்பொருளாகக் காட்சிப்படுத்துகையில் அவற்றின் சிற்றினப் பெயரையும் வாங்கப்பட்ட ஆண்டையும் பிரித்துவிட்டால், எஞ்சுவது அழகிய கண்ணாடி மட்டுமே. பெயரும் ஆண்டும் உடனிருக்கும்போதுதான் அவை ஒரு காலத்துக் கடலைப் பற்றிய ஆவணமாகின்றன.