கோயிம் துடியலூர் வந்த வழி

அம்மிச்சியின் பழைய வேதாகமத்தில், சங்கீதம் 9:20இல் ஒரே ஒரு சொல்லின் கீழ் பென்சில் கோடு இருக்கிறது: ஜாதிகள். தாங்கள் மனிதர்தான் என்று ஜாதிகள் உணரும்படி அவர்களுக்கு அச்சத்தைக் கொடும் என்று கர்த்தரிடம் கேட்கும் வசனம் அது. கோயம்புத்தூரை ஒட்டிய துடியலூர் வீட்டில், மேட்டுப்பாளையம் ரோட்டுப் பஸ் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி அதை வாசித்தவர் கேட்டார்: “ஏங்கண்ணு, நம்மூரு ஜாதிகளத்தானே சொல்லுது?”

எபிரெயத்தில் அந்தச் சொல் ‘கோயிம்’. இனங்கள், நாட்டு மக்கள் என்று பொருள். பிறரை மட்டும் சுட்டியதல்ல. யாத்திராகமம் 19:6 இஸ்ரவேலையே ஒரு ‘கோய்’ என்கிறது. கிரேக்கத்தில் அது ‘எத்னே’ ஆனது, லத்தீனில் ‘ஜென்டெஸ்’.

வழியில் அதே வசனத்தின் இன்னொரு சொல் தடுமாறியது. அச்சம் என்று நாம் வாசிக்கும் இடத்தில் இருப்பது ‘மோரா’. அச்சத்தைக் குறிக்கும் சொல் ‘அலெஃப்’ எழுத்தில் முடியும். இங்கே ‘ஹே’ நிற்கிறது. அதனால் கிரேக்கப் பெயர்ப்பு அதைச் ‘சட்டம் தருபவர்’ என்று எடுத்துக்கொண்டது. எபிரெயத்திலிருந்து நேரே லத்தீனுக்குப் பெயர்த்த ஜெரோம் அச்சம் என்றே எழுதினார். முந்தைய வசனங்களில் இனங்கள் தாங்கள் வெட்டிய குழியிலேயே விழுகின்றன, ஏழைகள் மறக்கப்படுவதில்லை. அந்த ஓட்டத்தில் எனக்கும் அச்சம்தான் பொருந்துகிறது. மனிதருக்கு அங்கே வரும் சொல் ‘எனோஷ்’: சாகப்போகிற, பலவீனமான மனிதன்.

தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேறியது 1714-15இல். இந்தச் சங்கீதத்துக்கு வந்தால், ஹென்றி பவர் குழுவின் 1871 வேதாகமத்தில் கோயிமுக்கு நிற்கும் சொல் ‘ஜாதிகள்’. பிறப்பு என்னும் பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்த சொல் இது. வேதத் தமிழில் தேசத்தாரைக் குறித்தது. ஆனால் அதைக் கேட்டவர்கள் யார்? கோயம்புத்தூரில் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் பணி தொடங்கியது 1830இல். மூன்றே ஆண்டில், 1833இல், கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னாட்டு ஆங்கிலிக்கன் சபைகளில் ஜாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று கட்டளை அனுப்ப நேர்ந்தது. ஜாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தவர்கள் இருந்த சபைகள் அவை. அப்படிப்பட்ட சபைகளின் வழிவந்து, பின்னாளில் இந்த வசனத்தைக் கேட்டவர்களுக்குத் தூரத்து நாடுகளா நினைவுக்கு வந்திருக்கும்?

1995இல் வந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘வேற்றினத்தார்’ போன்ற சொற்களுக்கு மாறியது. இந்த வசனத்தின் மூலப்பொருளுக்கு அதுவே நெருக்கம் என்று அம்மிச்சிக்கு விளக்கி, ஒரு பிரதியும் வாங்கிக் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். காலையில் எடுத்து வாசிப்பது கோடு போட்ட பழையதைத்தான்.