மயிலைத் திருவிழாவும் மதியின் உதயமும்

திருமயிலை என்றதும் நம் நெஞ்சில் முதலில் தோன்றுவது பூம்பாவையின் வரலாறாகும். அரவு தீண்டி மாண்ட மகளின் சாம்பலையும் என்பையும் குடத்தில் இட்டுக் காத்திருந்தார் சிவநேசர் என்னும் வணிகப் பெருந்தகை. 7ஆம் நூற்றாண்டில் அங்கு எழுந்தருளிய திருஞானசம்பந்தப் பெருமான் அக்குடத்தை முன் வைத்துத் திருப்பதிகம் பாடி அப்பெண்ணை எழுப்பியருளினார் என்பதைச் சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் விரித்துரைத்தார். இறந்தவளை நோக்கிப் பிள்ளையார் நிலையாமையைப் பேசவில்லை. வினையின் வலிமையைச் சொல்லவில்லை. ஊரில் நிகழும் விழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறி, இவற்றைக் கண்டு களியாமல் செல்வது தகுமோ என்னும் கருத்துப்பட வினவுகின்றார்.

அவ்விழாக்கள் எவை? ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி என அவை செல்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை திங்கள் நிற்கும் நிலையைக் கொண்டு குறித்த நாட்கள். ஆகவே, அப்பெண் இழக்க இருந்தவை விழாக்கள் மட்டுமல்ல, மயிலைக் கடற்கரையில் மாதந்தோறும் எழும் நிலவுகளையும் அவள் இழக்க இருந்தாள்.

மயிலையில் நிலவைக் காண்பதற்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. கிழக்கே கடல்; மேற்கே திருக்குளம். கபாலீசுவரப் பெருமானோ மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கின்றார். போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் இக்கரையில் குடியேறிய பின்னரே இப்போதுள்ள கோயில் எழுந்தது என்றும், பிள்ளையார் கண்ட கோயில் கடலை ஒட்டி இருந்தது என்றும் கூறுவர். கோயில் இடம் பெயர்ந்திருக்கலாம். நிலவின் ஒழுங்கு பெயரவில்லை.

ஒரு மாதத்து ஒழுங்கைக் காண்போம். அமாவாசையன்று திங்கள் ஞாயிற்றோடு எழுந்து ஞாயிற்றோடு மறைகிறது. இரண்டு நாள் கழிந்ததும், கதிரவன் சாய்ந்த பின் மேல்வானில் மூன்றாம் பிறை தோன்றிச் சிறிது நேரத்தில் மறைகிறது. மேற்கு நோக்கிய பெருமானுக்கு அது நேர் எதிரில் நிற்கும் பிறை! மாடவீதிக் கட்டடங்கள் அடிவானை ஓரளவு மறைத்தாலும், குளத்தின் கீழ்க்கரையில் நின்றால் இன்றும் காணலாம். பங்குனியை ஒட்டிய நாட்களில் அப்பிறை இரு கொம்பும் மேல்நோக்கித் தோணி போலக் கிடக்கும். புரட்டாசி, ஐப்பசியில் ஒருபுறம் சாய்ந்து நிற்கும். சடைமுடியில் பிறையை வரைவோர் இவ்விரண்டையும் ஒருமுறை பார்த்து வைத்தல் நலம்.

அதன் பின் திங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. வளர்பிறை அட்டமியன்று மாலையில் உச்சிவானில் நின்று, நள்ளிரவில் மறைகிறது. பௌர்ணமியன்று ஞாயிறு மறையும் வேளையில் கடலிலிருந்து எழுந்து, இரவெல்லாம் ஒளி வழங்கி, விடியலில் மேற்கே இறங்குகிறது. தேய்பிறை அட்டமிக்கு உதயமே நள்ளிரவில்தான். மாசித் தேய்பிறைச் சதுர்த்தசியாகிய சிவராத்திரியில் மூன்று யாமமும் வானம் இருண்டு கிடக்க, நான்காம் யாமம் முடியும் தறுவாயில் மெல்லிய கீற்று ஒன்று கடலின் மேல் எழுகிறது. கண் விழித்திருந்தவர்க்கே அக்காட்சி கிட்டும்.

இனி, விண்மீன்களின் கணக்குக்கு வருவோம். திங்கள் ஒரு விண்மீனிலிருந்து புறப்பட்டு மீண்டும் அதனை அடைய 27 நாளும் 8 மணிக்குச் சற்றுக் குறைந்த நேரமும் ஆகின்றன. ஒரு பௌர்ணமியிலிருந்து மறு பௌர்ணமிக்கோ 29 நாளும் 12 மணிக்கு மேலும் செல்லும். அதற்குள் ஞாயிறும் நகர்ந்துவிடுவதே காரணம். உத்திரமும் பௌர்ணமியும் சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின்னாக அமைவது இதனால்தான். கார்த்திகையும் ஆதிரையும் பூசமும் உத்திரமும் தத்தம் மாதங்களில் முழுநிலவை ஒட்டி வருவன. ஐப்பசி ஓணம் அத்தகையதன்று. அம்மாதத்தில் ஓணமீனில் திங்கள் சேரும்போது ஏறத்தாழ அரைநிலவாகவே இருக்கும். ஆகவே பதிகத்தின் வரிசை ஐப்பசியின் அரைநிலவில் தொடங்கி முழுநிலவுகளுக்குச் செல்கிறது. கார்த்திகையில் சென்னை வானம் பெரும்பாலும் மழைமேகம் சூழ்ந்தது. நிலவு மறைந்த இரவுக்கு விளக்கு ஏற்றினார்கள் போலும் என்று அடியேனுக்குத் தோன்றுவதுண்டு.

இவற்றையெல்லாம் நம் முன்னோர் நினைவிலேயே வைத்துக் கணித்தனர். வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள் அதற்குக் கருவி. எழுத்துகளையே எண்களாகக் கொண்டு அமைந்த சிறு சொற்றொடர்கள் அவை. திங்கள் பூமிக்கு அண்மையில் வந்து, விலகி, மீளும் சுற்று ஒன்பது நிறைவதற்கு ஆகும் நாட்களே 248. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் இவ்வழியில் வந்தது. நாள்காட்டித் தாளைக் கிழித்து உத்திரம் என்று அறியும் நமக்கு, வானை நிமிர்ந்து பார்க்கும் தேவையே இல்லாமற் போய்விட்டது. தெருவிளக்கும் அதற்குத் துணை செய்கிறது.

பங்குனிப் பெருவிழாவில் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். பத்தாம் நாள் முழுநிலவை ஒட்டி வருவதால், கொடியேற்றத்தன்று திங்கள் பஞ்சமி அல்லது சட்டியில் இருக்கும்; முன்னிரவு கடந்ததும் மறைந்துவிடும். ஐந்தாம் நாள் பெருமான் வெள்ளி விடைமேல் எழுந்தருளும் இரவில், நிலவு உச்சி கடந்து நின்று, இரண்டு மணிக்கு மேல்தான் மறையும். எட்டாம் நாள் அறுபத்துமூவர் உலாப் போதும் நேரத்தில், மாலை நான்கு மணியளவில், பகல் வெளிச்சத்திலேயே வெளிறிய நிலவு கடலின் மேல் வந்துவிடுகிறது. கூட்டத்தில் எவரும் அதைக் கவனிப்பதில்லை. பத்தாம் நாள் திருக்கல்யாணத்தன்று ஞாயிறு மறையத் திங்கள் எழுகிறது. மறுநாள் வைகறையில் அதே நிலவு குளத்திற்கு அப்பால், பெருமானின் திருமுன்பாக, மேற்கே தாழ்கிறது. அதன்பின் வரும் விடையாற்றி நாட்களில் உதயம் இரவுக்கு இரவு பிந்திக்கொண்டே போகும்.