மலையகத் தோட்டங்களில் மார்பக நலப் பரிசோதனையும் தாதியர் கற்பித்தலும்

மார்பக நலப் பரிசோதனை என்பது ஒரு பெண்ணின் மார்பகங்களையும் அக்குளையும் காறையெலும்பை ஒட்டிய பகுதியையும் கேட்டும் பார்த்தும் தொட்டும் ஆராய்ந்து, மாற்றம் எதுவும் தெரிந்தால் அவரை உரிய வைத்தியரிடம் சேர்ப்பிக்கும் பணியாகும். தன் உடலில் எது வழக்கம், எது புதிது என்று அந்தப் பெண்ணுக்கே அடையாளம் காட்டிக் கொடுப்பதும் இதே பணியின் பகுதிதான். இலங்கைப் பெண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். நுவரெலியா மாவட்ட மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தோட்டங்களில் வாழ்பவர்கள். ஆகவே ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை வட்டாரங்களில் இந்தப் பணி பெரிய வைத்தியசாலையின் வாட்டில் தொடங்குவதில்லை. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமும், தோட்ட டிஸ்பென்சரியிலும், மாதாந்தக் கிளினிக்கிலும்தான் தொடங்குகிறது.

அமைப்பு

தோட்ட மக்களின் மருத்துவத்துக்கு 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்ட நிர்வாகிகளான துரைமாரைப் பொறுப்பாக்கியது. அந்த ஏற்பாட்டின் நிழல் இன்னும் முழுதாக விலகவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு மாறியது. தோட்ட வைத்தியசாலைகள் சில அரசின் பொறுப்புக்கு வந்தன. மற்ற இடங்களில் தோட்ட வைத்திய உதவியாளரே இன்றும் முதல் வாசல். இவரைத்தான் தொழிலாளர்கள் 'டொக்டர் ஐயா' என்று அழைக்கிறார்கள்.

இதற்கு இணையாக, சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ் இயங்கும் அரச சேவை இருக்கிறது. அதன் ஓர் அங்கமாக 1996இல் சுகவனிதையர் கிளினிக்குகள் தொடங்கப்பட்டன. கருப்பைக் கழுத்துப் பரிசோதனை, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றோடு மார்பகப் பரிசோதனையும் அங்கே இலவசமாகச் செய்யப்படுகிறது. 35 வயதுப் பெண்களுக்கே இங்கு முதன்மை அழைப்பு, பின்னர் 45 வயதினரும் சேர்க்கப்பட்டனர். இருபது வயது முதல் மாதம் ஒருமுறை சுயபரிசோதனை, நாற்பது வயது வரை மூன்றாண்டுக்கு ஒருமுறையும் அதன் பின் ஆண்டுதோறும் பயிற்சி பெற்றவரிடம் பரிசோதனை என்பது தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித் திட்டத்தின் அறிவுரை. எல்லாப் பெண்களுக்கும் மமோகிராம் எடுக்கும் தேசியத் திட்டம் இலங்கையில் இல்லை. அதனால் தாதியின் விரல்களுக்கு இங்கே கூடுதல் பொறுப்பு.

இந்த அமைப்பில் ஓர் ஓட்டை உண்டு. குடும்பநல உத்தியோகத்தரின் வீட்டு வருகை கர்ப்பிணிகளையும் பிரசவித்த தாய்மாரையும் சிறு பிள்ளைகளையும் சுற்றியே அமைந்தது. மாதவிலக்கு நின்று, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டோ கைக்காசுக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டோ இருக்கும் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நோய்க்கு வாய்ப்பு கூடும் வயதோ அதுதான். குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் மருமகளிடம் "மாமி எப்படி இருக்காங்க, அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லும் உத்தியோகத்தர் அந்த ஓட்டையைத் தன்னால் இயன்ற மட்டும் அடைக்கிறார்.

கேட்டறிதல்

வயது, பூப்பெய்திய வயது, மாதவிலக்கு நின்ற காலம், பிள்ளைப்பேறுகள், பாலூட்டிய காலம், தாய், சகோதரி, மகள் ஆகியோருக்கு இந்நோய் இருந்ததா என்பன வழக்கமான கேள்விகள். 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட முடிவின்படி, பாலூட்டிய ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் நோய் வாய்ப்பு சுமார் 4.3 சதவீதமும், ஒவ்வொரு பிரசவத்துக்கும் 7 சதவீதமும் குறைகிறது. தோட்டத்துப் பெண்கள் நீண்ட காலம் பாலூட்டுபவர்கள். இது வாய்ப்பைக் குறைக்கும் செய்தி, அவ்வளவே. "நாலு பிள்ளைக்குப் பால் குடுத்தவ, எனக்கு என்ன வரும்" என்று சொல்பவரைத் தாதி சிரித்துக்கொண்டே விட்டுவிடலாகாது.

தோட்டத்துக்கு என்றே சில குழப்பங்களும் உண்டு. பாலூட்டும் தாயின் கட்டியை 'பால் கட்டிக்கிச்சு' என்று ஒத்தடம் கொடுத்து விட்டுவிடுவார்கள். அக்குள் வீக்கத்தை 'நெறி கட்டியிருக்கு' என்பார்கள். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால் இரண்டு, மூன்று வாரத்தில் கரையாத பால்கட்டும், கையில் புண் எதுவும் இல்லாமல் வந்த அக்குள் நெறியும் வைத்தியரிடம் போக வேண்டியவை.

கூடையின் வார் தலையில் அழுந்த, இரு கையும் நாள் முழுக்க முன்னோக்கி ஓடுவது கொழுந்தெடுக்கும் வேலை. அதனால் தோளிலும் நெஞ்சுச் சுவரிலும் வலி சாதாரணம். விலா எலும்பும் நெஞ்செலும்பும் சேரும் இடத்தை விரலால் அழுத்தும்போது அதே வலி வந்தால் அது மார்பக வலி அன்று. மழையில் நனைந்த ரவிக்கையோடு மாலைவரை நிற்பதால் மார்பின் அடிமடிப்பில் வரும் பூஞ்சைத் தொற்று வேறு. இவற்றையெல்லாம் பிரித்தறிந்த பின்பும், முலைக்காம்பில் மட்டும் ஒட்டிக்கொண்டு களிம்புக்கு மசியாத சிரங்கு போன்ற புண்ணைச் சந்தேகிக்கத் தாதி அறிந்திருக்க வேண்டும். பாஜே நோய் எனப்படும் புற்றுநோய் அப்படித்தான் தோன்றும்.

பார்த்தலும் தொட்டறிதலும்

கதவு சாத்தும் அறையும், மூடிக்கொள்ள ஒரு துணியும், கூட ஒரு பெண்ணும் இல்லாமல் இந்தப் பரிசோதனை இல்லை. டிஸ்பென்சரியில் அப்படி ஓர் அறை கிடைப்பதே சில தோட்டங்களில் பெரிய காரியம். இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்து, ரவிக்கையைக் கழற்றி உட்காரும் பெண்ணுக்கு அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைத் தொடுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும், அதுவும் தமிழில். தமிழ் பேசும் உத்தியோகத்தர் போதாமை மலையகச் சுகாதார சேவையின் பழைய குறை. மொழிபெயர்க்க மகனையோ கணக்கப்பிள்ளையையோ அழைப்பதைவிடப் பரிசோதனையை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைப்பது மேல்.

உட்கார்ந்த நிலையில் கைகளைத் தொங்கவிட்டும், தலைக்கு மேல் உயர்த்தியும், இடுப்பில் ஊன்றி அழுத்தியும், முன்னுக்குச் சாய்ந்தும் பார்க்க வேண்டும். இரு மார்பகங்களும் அளவில் சற்று வேறுபடுவது இயல்பு. புதிதாக வந்த வேறுபாடு இயல்பன்று. கையை உயர்த்தும்போது ஓரிடத்தில் தோல் உள்ளிழுக்கப்படுதல், தோடம்பழத் தோல் போலத் துளைத்துளையாகத் தடித்தல், உள்வாங்கிய காம்பு, அழுத்தாமலே ஒரு காம்பில் மட்டும் வடியும் இரத்தம் ஆகியவை உடனே குறிக்கப்பட வேண்டியவை. பிறவியிலிருந்தே உள்வாங்கிய காம்பு உள்ளவரும் உண்டு. "எப்போதிருந்து?" என்ற ஒரு கேள்வி பல பயங்களைத் தீர்த்துவிடும்.

பிறகு மல்லாந்து படுக்க வைத்து, பரிசோதிக்கும் பக்கத்துத் தோளுக்குக் கீழே மடித்த துணி வைத்து, அந்தக் கையைத் தலைக்கு மேலே போடச் செய்வர். நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் தடவ வேண்டும், நுனியால் அல்ல. ஒவ்வோர் இடத்திலும் சிறு வட்டமாக மூன்று அழுத்தம்: தோலுக்குக் கீழே மெல்ல, பிறகு நடுத்தரமாக, பிறகு விலா எலும்பு படும்வரை. அக்குளிலிருந்து நெஞ்செலும்பு வரை, காறையெலும்பிலிருந்து மார்பின் அடிமடிப்புக்குக் கீழ்வரை, மேலும் கீழுமாக நிரை பிடித்துப் போக வேண்டும். நிரை விட்டு நிரை தாவாமல் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு இந்த முறையை விளக்கவே வேண்டியதில்லை. வட்டமாகத் தடவும் முறையைவிட இந்த நிரை முறையில் விடுபடும் இடம் குறைவு. ஒரு பக்கத்துக்குக் குறைந்தது மூன்று நிமிடமாவது ஆகும். நாற்பது பேர் காத்திருக்கும் கிளினிக்கில் அந்த மூன்று நிமிடம்தான் முதலில் பலியாகிறது.

மார்பகப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதி மேல் வெளிக்கால்வட்டத்தில், அதாவது அக்குளை நோக்கிய பகுதியில் தோன்றும். அங்கே மார்பகத் திசு அக்குளுக்குள்ளேயே ஒரு வால் போல நீள்கிறது. கட்டி தட்டுப்பட்டால் கடிகார முகத்தின்படி எத்தனை மணி நிலை, காம்பிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர், அளவு, ஓரம், கடினம், அசைவு, தோலோடு ஒட்டியிருக்கிறதா என்று எழுத வேண்டும். 'இடது மார்பில் கட்டி' என்று மட்டும் எழுதிய துண்டு அடுத்த வைத்தியருக்கு எதையும் சொல்லாது. இளம் பெண்களின் கட்டிகளில் பெரும்பாலானவை நழுவி ஓடும் நார்க்கட்டிகளும் நீர்க்கட்டிகளும்தான். ஆனால் அதைத் தீர்மானிப்பது தாதியின் விரல் அன்று. பரிசோதனை, ஸ்கேன் அல்லது மமோகிராம், ஊசியால் திசு எடுத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவு சொல்லும்.

கற்பித்தல்

சுயபரிசோதனை கற்பிப்பதைப் பற்றி ஒரு சங்கடமான உண்மையை மறைக்கலாகாது. ஷாங்காய் நகரின் நெசவாலைகளில் வேலை செய்த 2,66,064 பெண்கள் 1989 தொடங்கி ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டனர். பாதிப்பேருக்குச் சுயபரிசோதனை முறையாகக் கற்பிக்கப்பட்டது. 2002இல் வெளியான இறுதி முடிவில் கற்றவர்களில் 135 பேரும் கல்லாதவர்களில் 131 பேரும் மார்பகப் புற்றுநோயால் இறந்திருந்தனர். கற்றவர்களிடம் கூடியது தீங்கில்லாக் கட்டிகளுக்கான அறுவைகள்தான்.

மும்பைச் சேரிகளில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வு வேறு கதை சொல்கிறது. பத்தாம் வகுப்பு படித்து, சில வாரப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் ஈராண்டுக்கு ஒருமுறை தங்கள் கையால் பரிசோதித்தனர். 1,51,538 பெண்களை உள்ளடக்கிய அந்த ஆய்வின் இருபதாண்டு முடிவு 2021இல் வந்தது. நோய் முந்திய கட்டத்திலேயே பிடிபட்டது. மொத்தத்தில் இறப்புக் குறைவு உறுதியாக நிறுவப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் அது ஏறக்குறைய 30 சதவீதம். மலையகத்துக்கு நெருக்கமான பாடம் மும்பையுடையது. தோட்டத்துப் பெண்ணிடம் துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துப் பொறுப்பை அவர் தலையில் கட்டுவதைவிட, பயிற்சி பெற்ற கை ஒன்றை அவரிடம் அனுப்புவதே பயன் தரும்.

எனினும் கற்பித்தல் வீண் அன்று. கிளினிக்குக்கும் கிளினிக்குக்கும் இடையே வரும் மாற்றத்தைக் காணப்போவது அவர் ஒருவரே. அவருடைய வாழ்க்கைக்குப் பொருந்தச் சொல்லிக் கொடுக்க வேண்டும். குளியலறைக் கண்ணாடி முன் நிற்கச் சொல்லும் படங்கள் லயத்துக்கு உதவா. பாவாடையைக் குறுக்கே கட்டிப் பீலியில் குளிக்கும் பெண்ணுக்கு, சவுக்காரம் போட்ட கையைத் துணிக்குள்ளேயே விட்டுத் தடவும் முறை போதும். மாதவிலக்கு தொடங்கிய ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் பார்ப்பது நல்லது, அப்போது மார்பு கனத்து வலிக்காது. விலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஒரு நாளை நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும். சம்பள நாளைச் சொன்னால் மறக்காது. சிலிக்கன் மார்பக மாதிரி இல்லாத இடத்தில், பிசைந்த ரொட்டி மாவுக்குள் ஒரு பச்சைப்பயறையும் ஒரு கடலையையும் மறைத்துத் தேடச் சொல்லலாம். சொல்லி முடித்ததும் "விளங்குச்சா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "எனக்கு ஒருக்கா செஞ்சு காட்டுங்க அக்கா" என்பதுதான் சரியான கேள்வி.

மிக அதிகம் திருத்த வேண்டிய எண்ணம் வலியைப் பற்றியது.

"கட்டி இருக்குதான் மிஸ், ஆனா வலியே இல்ல."

"வலி இல்லாததாலதான் காட்டச் சொல்றேன் அக்கா."

புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்கும்போதுதான் வேலையை விட்டு இறங்குவது என்று பழகிய உடலுக்கு இது புதிய பாடம்.

கட்டி கண்ட பின்

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட மார்பகப் புற்றுநோய்ச் செயற்சட்டகம் மூன்று இலக்குகளை வைக்கிறது: ஊடுருவும் மார்பகப் புற்றுநோயாளரில் 60 சதவீதத்துக்கு மேல் முதலிரு கட்டங்களில் கண்டறியப்படுதல், வைத்தியரிடம் வந்த 60 நாளுக்குள் நோய் உறுதியாதல், 80 சதவீதத்துக்கு மேல் சிகிச்சையை முடித்தல். மலையகத்தில் நழுவுவது நடுவில் உள்ள அறுபது நாள். தோட்டத்திலிருந்து ஆதார வைத்தியசாலை, அங்கிருந்து ஸ்கேனுக்கு ஒரு திகதி, திசுப் பரிசோதனைக்கு இன்னொரு திகதி, முடிவு வாங்க மறுபடியும் பயணம். ஒவ்வொரு திகதியும் ஒரு பேர், அதாவது ஒரு நாட்கூலி, போகும் நாள். 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தில், பஸ் காசையும் துணைக்கு வருபவரின் பேரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், சிகிச்சை இலவசம் என்பது பாதி உண்மையாகிவிடுகிறது.

இந்திய உதவியில் கட்டப்பட்ட 150 கட்டில் கொண்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலைக் கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டதால் ஹட்டன் பகுதியினருக்கு முதற்கட்டம் சற்று அருகில் வந்தது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கண்டி, பதுளை அல்லது மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போக வேண்டிவரும். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கே சுமார் 75 கிலோமீற்றர் மலைப்பாதை. தாதி துண்டு எழுதிக் கொடுப்பதோடு நின்றால் போதாது. யார் கூட வருகிறார், எந்த நாள் போவது, தோட்டக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் யார் குழந்தையை எடுப்பார் என்பதை அங்கேயே பேசி முடிக்க வேண்டும். கணவரோ மாமியாரோ முடிவெடுக்கும் வீட்டில், அந்தப் பெண் சம்மதித்தால், அவர்களிடமும் பேச வேண்டும். திகதி கடந்து ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும்.

சிகிச்சைக்குப் பின்

அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட கை வீங்கும் அபாயம் ஆயுளுக்கும் உண்டு. கொழுந்து எடுப்பவருக்குத் தேயிலைக் குச்சி கீறாத நாள் இல்லை, அந்தக் கீறல் வழியே தொற்று ஏறினால் வீக்கம் கூடும். கையுறை, கீறலை உடனே சவுக்காரத்தால் கழுவுதல், சிவந்து சூடானால் அன்றே டிஸ்பென்சரிக்கு வருதல் ஆகியவற்றைக் கற்பிக்க வேண்டும். அந்தக் கையை அசைக்கவே கூடாது என்பது பழைய அறிவுரை. படிப்படியாகப் பாரம் கூட்டும் மேற்பார்வையுள்ள பயிற்சி வீக்கத்தை மோசமாக்குவதில்லை என்று 2009இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆனால் படிப்படியாக என்பதற்கும், திரும்பிய முதல் நாளே கூடை கட்டி நிர்ணயித்த கிலோவை எடுப்பதற்கும் வெகுதூரம். சில மாதங்களுக்கு நாற்றுமேடையிலோ பிள்ளை மடுவத்திலோ இலேசான வேலை தருமாறு வைத்தியரின் கடிதத்தோடு நிர்வாகத்திடம் கேட்கலாம். தமொக்சிபன் போன்ற மாத்திரை எழுதப்பட்டவர் ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ நாள் தவறாமல் விழுங்க வேண்டும். உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்திவிடுபவர்கள் உண்டு என்பதால், மாத்திரை தீரும் திகதியை உத்தியோகத்தர் தன் நாட்குறிப்பிலும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.