தகுதியோடு பிணைந்த உரிமை

காஞ்சி வரதராஜப் பெருமாள் வீதி புறப்படும்போது முன்னே திவ்யப் பிரபந்த கோஷ்டியும் பின்னே வேத கோஷ்டியும் செல்லும். ஒருவர் பாசுரத்தின் தொடக்கம் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஒரே குரலாகச் சேவிப்பார்கள். அத்யயன உற்சவத்தில் பகல் பத்து, இராப் பத்து என்று பிரபந்தத்தின் நாலாயிரம் பாசுரங்களும் முறையாக ஓதப்பட்டுச் சாற்றுமுறையில் நிறையும். இத்தகைய சேர்ந்தோதும் மரபு பல நூற்றாண்டுகள் நிலைத்ததற்குப் பக்தியே காரணம் என்று சொல்வது வழக்கம். பக்தி ஒருவரைப் பாடவைக்கும். ஆனால் அவர் மறைந்தபின் அவரிடத்தில் மற்றொருவரை நிறுத்த ஓர் ஏற்பாடு வேண்டும். பாடும் உரிமையைப் பாடும் தகுதியோடு பிணைத்த ஏற்பாடே இம்மரபைக் காத்தது என்பது என் முடிவு.

இதற்குத் தெளிவான சான்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு. சைவத் திருமுறைப் பாடல்களான திருப்பதியம் பாட 48 பிடாரரையும் (ஓதுவார்களையும்), உடுக்கைக்கும் கொட்டிமத்தளத்துக்கும் ஒவ்வொருவரையும் நியமித்த முதலாம் இராசராசன், 50 பேருக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குருணி நெல் வகுத்தான். அதைவிட முக்கியமானது வாரிசு விதி. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாடவேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும், நெல்லும் பாடுகிறவருக்கே. உறவினரே இல்லாவிட்டால் பணியிலிருக்கும் மற்றவர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். பிறப்பால் வரும் உரிமைக்கும் இங்கே ஒரு வரம்பு உண்டு.

சைவக் கோயிலின் விதியைக் காஞ்சி வைணவத்துக்குப் பொருத்தலாமா என்று கேட்கலாம். அதே விதி இங்கும் இருந்தது என்று நான் வாதிடவில்லை. ஆனால் காஞ்சிக்கு அருகிலுள்ள உத்திரமேரூரிலும், எண்ணாயிரத்திலும் முதலாம் இராசேந்திரன் காலத்திலேயே நாலாயிரத்தின் பகுதியான திருவாய்மொழியைப் பாடுவோருக்கு நிவந்தம் இருந்தது. ஓதுதலைக் கோயிலின் நிலையான பணியாக்கி, அதற்கு வாழ்வாதாரமும் தந்த சிந்தனை இரு சமயங்களுக்கும் பொதுவானது.

வலுவான மறுப்பு காஞ்சியிலிருந்தே எழும். இங்கே வைணவத்தின் இரு பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும், பிரபந்தம் ஓதும் உரிமையான அத்யாபக மிராசு யாருக்கு, எந்தத் தனியனை (ஆசாரியர் வாழ்த்துச் செய்யுளை) சொல்லித் தொடங்குவது என்று ஆங்கிலேயர் காலத்திலிருந்தே வழக்காடி வருகிறார்கள். உரிமை மரபைக் காத்ததா, பிளந்ததா? இரண்டும் நடந்தன. ஓதுவதற்கு ஒரு மதிப்பு இருந்ததால்தான் அதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் போராடினார்கள். ஆனால் யார் ஓதலாம் என்று தீர்ப்புச் சொல்லலாமே தவிர, யாருக்கு ஓதத் தெரியும் என்பதைத் தீர்ப்பால் உண்டாக்க முடியாது. குரு ஒருமுறை சொல்லச் சீடர் திருப்பிச் சொல்லும் சந்தை முறையில், புத்தகம் பாராமல் நாலாயிரத்தையும் நெஞ்சில் ஏற்றப் பல ஆண்டுகள் ஆகும். அந்த உழைப்பை ஏற்கும் பிள்ளைகளுக்கு ஊதியமும் பாடசாலையும் உறுதியாகக் கிடைக்க வேண்டும். இராசராசன் கல்லில் வெட்டிவைத்த நியாயம் அதுதான்: நெல் பாடுகிறவருக்கு. வழக்கில் எந்தப் பக்கம் வென்றாலும், இந்த நியாயத்தைக் கைவிட்டால் கோஷ்டியில் உரிமையாளர்கள் மிஞ்சுவார்கள், ஓதுவதற்கு ஆள் இருக்காது.