தலையில் பூசியதும் கழுவியதும்: ஒரு சிறு வரலாறு, ஒரு மன்னிப்பு

கொஞ்சம் நீண்ட பதிவு. வகுப்பில் என் பாடத்தைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் எழுந்து, “சார், என்னைத் தெரியுதா?” என்றார். தெரிந்தது. 1996-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். இன்று நாற்பதைத் தாண்டியவர், லாரி செட் வைத்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய பையன் நின்றான். தலைமுடி முள்ளம்பன்றி மாதிரி விறைத்து நின்றது. ஜெல். “சார், இவனை மட்டும் குழாயடிக்கு அனுப்பிராதீங்க சார்” என்று சொல்லி அவர் சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பாயசம் தொண்டையில் இறங்கவில்லை.

ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு.

தலையில் எதையாவது பூசி முடியை நிறுத்திக்கொள்வது இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த கூத்து என்று நாம் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2003-ல் அயர்லாந்து நாட்டில் கிளோனிகாவன் என்ற இடத்தில் சதுப்பு நிலத்திலிருந்து ஒரு மனித உடல் கிடைத்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய உடல். சதுப்பு மண் அதை அழுகவிடாமல் காத்திருக்கிறது. அந்த மனிதரின் முடி மேல்நோக்கித் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. அதில் தாவர எண்ணெயும் பைன் மரப் பிசினும் கலந்த ஒரு பூச்சு. அந்தப் பிசின் பிரான்சின் தென்மேற்குப் பகுதியிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்திலேயே கடல் கடந்து வந்த ஹேர் ஜெல்! எகிப்திய மம்மிகளின் முடியை மான்செஸ்டர் ஆய்வாளர்கள் சோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். அங்கும் முடியில் கொழுப்புப் பூச்சு இருந்தது. நம் சங்க நூல்களிலும் கூந்தலுக்குப் பூசும் தகரச் சாந்து பேசப்படுகிறது.

ஆக, பூசும் ஆசை பழையது. அப்படியானால் கழுவும் தொல்லையும் அதே அளவு பழையதாகத்தானே இருக்க வேண்டும்? நம் பாடப் புத்தகங்கள் இந்தப் பக்கத்தைத் தொடுவதே இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். மிருகக் கொழுப்பில் வாசனை சேர்த்து ‘பொமேட்’ என்று தலையில் பூசினார்கள். அதன்மேல் மாவைத் தூவினார்கள். வெள்ளை முடி அந்தஸ்தின் அடையாளம் என்பது ஒரு காரணம். மாவு எண்ணெய்ப் பசையை உறிஞ்சிக்கொள்ளும் என்பது இன்னொரு பயன். தண்ணீர் ஊற்றி அலசுவது குறைவு. மாவைத் தூவி, சீவி எடுப்பதுதான் வழக்கம். 1795-ல் இங்கிலாந்துப் பிரதமர் பிட், தலைக்கு மாவு பூசுகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு கினி வரி கட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். மாவு பூசும் பழக்கம் மளமளவென்று குறைந்தது.

அடுத்து வந்தது மக்காசர் எண்ணெய். இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆண்கள் தலையெல்லாம் அதுதான். நாற்காலியில் சாய்ந்தால் துணியில் கறை. அதற்காக நாற்காலியின் முதுகில் ஒரு சிறு துணியைப் போட்டார்கள். அதன் பெயரே ‘ஆன்டிமக்காசர்’. சொகுசுப் பேருந்திலும் ரயில் பெட்டியிலும் இருக்கையின் தலைப் பக்கம் வெள்ளைத் துணி மாட்டியிருப்பதைப் பார்க்கிறீர்களே, அது அந்த எண்ணெயின் வாரிசு. பூசியதைக் கழுவ முடியாதபோது மனிதன் நாற்காலிக்குச் சட்டை போட்டான்!

1928-ல் பர்மிங்காமில் பிரில்கிரீம் பிறந்தது. எண்ணெயும் தண்ணீரும் தேன்மெழுகும் கலந்த வெள்ளைப் பசை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை வீரர்களை ‘பிரில்கிரீம் பையன்கள்’ என்றே கேலி செய்தார்கள். நம் விக்கெட் கீப்பர் ஃபரூக் இன்ஜினியர் அதன் விளம்பரத்தில் வந்தவர். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் சலூனில் அந்தக் குப்பி கண்ணாடி முன்னால் இருக்கும். கல்யாண மாப்பிள்ளைக்கு மட்டும்தான் திறப்பார்கள்.

சரி, நம் வீட்டில் என்ன செய்தோம்? சனிக்கிழமை ஆண்களுக்கு, வெள்ளிக்கிழமை பெண்களுக்கு எண்ணெய்க் குளியல். உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். பிறகு சீயக்காய், அல்லது அரப்பு, அல்லது பூந்திக்கொட்டை. என் அம்மா வடிகஞ்சியில் சீயக்காயைக் கரைத்து வைத்திருப்பார். கண்ணில் பட்டால் ஊரே கேட்கும்படி அலறுவோம். இவற்றில் ‘சப்போனின்’ என்ற பொருள் இருக்கிறது. அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். அதனால் எண்ணெய் தண்ணீரோடு போய்விடும். அதே நேரம் முடியில் இருக்கும் இயற்கை எண்ணெயை முழுக்க உருவிவிடாது. சீயக்காய்க் கரைசலுக்கு லேசான புளிப்புத் தன்மை உண்டு. முடிக்கு அது ஒத்துவரும். வேதியியல் தெரியாத நம் பாட்டிமார் அனுபவத்தில் இதைக் கண்டிருக்கிறார்கள்.

‘ஷாம்பு’ என்ற சொல்லே நம் நாட்டிலிருந்து போனதுதான். பிடித்துவிடுவது, அமுக்குவது என்று பொருள்படும் இந்திச் சொல் அது. 1759-ல் பாட்னாவில் பிறந்த தீன் முகமது என்பவர் இங்கிலாந்து போய், பிரைட்டன் கடற்கரை ஊரில் குளியல் நிலையம் வைத்தார். நீராவிக் குளியலும் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதும் அங்கே பிரபலம். மன்னர் நான்காம் ஜார்ஜே அவரை அமர்த்திக்கொண்டார். அந்தச் சொல் பின்னால்தான் தலை அலசுவதைக் குறிக்க ஆரம்பித்தது.

1903-ல் பெர்லினில் ஹான்ஸ் ஷ்வார்ஸ்காப் என்பவர் தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்தும் ஷாம்பு பொடியை விற்றார். அதுவரை அங்கே சாதாரண சோப்புதான். சோப்பில் ஒரு பெரிய கோளாறு உண்டு. இதைக் கவனமாகப் படியுங்கள், பின்னால் தேவைப்படும். உப்புத் தண்ணீரில், அதாவது சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கடினநீரில், சோப்பு நுரைக்காது. சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகத் திரியும். அந்தக் கசடு தண்ணீரில் கரையாது. முடியில் ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும். சோப்பின் காரத்தன்மையால் முடியின் மேல்செதில்களும் தூக்கிக்கொள்ளும். ஒரு முடி இன்னொரு முடியில் சிக்கும், சீப்பு போட்டால் அறுந்துவரும். இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் 1934-ல் அமெரிக்காவில் ‘டிரீன்’ என்ற ஷாம்பு வந்தது. அதில் சோப்பு கிடையாது; கடினநீரிலும் நுரைத்தது. ஆனால் முடியை வறட்டிவிட்டது. முடியை மென்மையாக்கும் கண்டிஷனர்கள் பரவியது அதற்கப்புறம்.

நம் கிராமங்களுக்கு ஷாம்பு வந்தது பாக்கெட்டில். கடலூர் சின்னி கிருஷ்ணன் பாக்கெட் விற்பனையில் முன்னோடி. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் தொழில் தொடங்கி, சிக் ஷாம்பை மூலைமுடுக்குப் பெட்டிக்கடைக்கெல்லாம் கொண்டுபோனார். கயிற்றில் சரம் சரமாகத் தொங்கியது உங்களுக்கும் நினைவிருக்கும்.

இப்போது ஜெல்லுக்கு வருவோம். அதன் கதை வேறு. அது கொழுப்பு அல்ல. 1930-களில் ஜெர்மனியில் வால்டர் ரெப்பே என்ற வேதியியலாளரின் ஆய்வில் பி.வி.பி. என்ற செயற்கைப் பொருள் பிறந்தது. போர்க்காலத்தில் காயம்பட்டவர்களுக்கு ரத்தநீருக்கு மாற்றாக அதை ஏற்றினார்கள். போர் முடிந்தபின் அதே பொருள் தலைக்கு வந்தது. முடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகக் காய்ந்து, முடிகளை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்துகிறது. உயிர் காக்கப் போன பொருள் ஒப்பனைக்கு வந்த கதை இது. இதன் முக்கியமான குணம் என்ன தெரியுமா? இது தண்ணீரில் கரையும்.

இங்கேதான் நான் கல்யாணப் பந்தியில் சிரிக்காத காரணம் இருக்கிறது.

1996. அந்தப் பையனின் மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு ஜெல் டியூப் வாங்கிவந்திருந்தார். பையன் அதைப் பூசிக்கொண்டு, முடியை நிறுத்திக்கொண்டு பள்ளிக்கு வந்தான். காலை வழிபாட்டுக் கூட்டம். நான் அவனை முன்னால் அழைத்தேன். “இது பள்ளிக்கூடமா, சினிமாக் கொட்டகையா?” என்று கேட்டேன். சத்துணவுக் கூடத்திலிருந்து துணி துவைக்கும் பார் சோப்பை எடுத்துவரச் சொல்லி, குழாயடியில் எல்லோரும் பார்க்கத் தலையைக் கழுவ வைத்தேன். எங்கள் பள்ளியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், பச்சை உப்பு. சோப்பு திரிந்து வெள்ளை வெள்ளையாக முடியில் ஒட்டியது. போகவில்லை. இன்னும் தேய்க்கச் சொன்னேன். பிறகு சீப்பு கொடுத்து வாரச் சொன்னேன். கொத்துக் கொத்தாக முடி வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் அழவில்லை. அதுதான் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

நான்கு நாள் அவன் வரவில்லை. ஐந்தாம் நாள் மொட்டையடித்துக்கொண்டு வந்தான். சிக்கு எடுக்க முடியவில்லை என்று அவன் அம்மா சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, “வாத்தியார் சொன்னா சரிதான்” என்றார். நானும் சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். ஒழுக்கம் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்று பெருமைகூடப் பட்டேன்.

கல்யாணத்திலிருந்து வந்த இரவு உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது. அந்த ஜெல்லை எடுக்க அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு வாளித் தண்ணீரும் பத்து நிமிடப் பொறுமையும் மட்டுமே. அவன் முடியைக் கெடுத்தது ஜெல் அல்ல, நான் கொடுத்த சோப்பு. உலகம் 1934-லேயே தீர்த்துவைத்த தொல்லையை, 1996-ல் அறிவியல் பாடம் நடத்திய நான் ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றிவைத்தேன். கடினநீரில் சோப்பு நுரைக்காது என்று அதே வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டவனும் நானேதான்.

ஆகவே, பேரன் பேத்திகள் ஜெல் பூசுகிற வீடுகளுக்கு இந்த முன்னாள் ஆசிரியரின் குறிப்பு:

1. காய்ந்த ஜெல்லின் மேல் சீப்பு போடாதீர்கள். படலம் உடையும்போது முடியும் உடையும். நகத்தால் சுரண்டவும் வேண்டாம்.

2. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, சில நிமிடம் ஊறவிட்டு, விரல்நுனியால் மெதுவாக அலசுங்கள். பெரும்பாலான ஜெல் இதிலேயே இளகிவிடும். கொதிக்கும் சூடு வேண்டாம்.

3. கொஞ்சம் ஷாம்பை உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் கரைத்து, தலைத்தோலில் தேயுங்கள். முடியைக் கசக்க வேண்டாம். வழிந்து வரும் நுரையே முடிக்குப் போதும். நிறையப் பூசியிருந்தால் இன்னொரு முறை.

4. நுனிகளில் கண்டிஷனர் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே போய்ச் சிக்கெடுங்கள். ஈர முடி பலவீனமானது. எளிதில் இழுபட்டு அறும். பிறகு நன்றாக அலசுங்கள்.

5. துண்டால் ஒற்றி எடுங்கள். முறுக்கித் துவட்ட வேண்டாம்.

6. பூசியது மெழுகோ பொமேடோ என்றால் வழி வேறு. அது தண்ணீருக்கு மசியாது. முதலில் தேங்காய் எண்ணெய் தடவி இளக்கி, பிறகு ஷாம்போ சீயக்காயோ போடுங்கள்.

7. துணி சோப்பு வேண்டாம். சமையல் சோடாவும் வேண்டாம், அதுவும் காரம்தான். இரவில் ஜெல்லோடு படுக்காமல், பூசிய அன்றே அலசிவிடுவது நல்லது.

பூசியது எதனால் ஆனது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அதைக் கழுவ வேண்டும். அந்தப் பையன் ஏன் அதைப் பூசிக்கொண்டு வந்தான் என்று நான் கேட்கவே இல்லை. ஊரிலிருந்து வந்த மாமா ஆசையாகப் பூசிவிட்டு அனுப்பியிருக்கிறார். கல்யாண மண்டபத்து வாசலில்தான் அது எனக்குத் தெரிந்தது. அந்த மாமா இன்று இல்லை.

அவரிடம் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். “பேரு போடாதீங்க சார், மத்தபடி எழுதுங்க” என்றார். அன்று கூட்டத்தில் எல்லோரும் பார்க்க அவமானப்படுத்தினேன். ஆகவே எல்லோரும் படிக்கிற இந்த இடத்திலேயே சொல்கிறேன்: தம்பி, தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

அன்று குழாயடியைச் சுற்றி நின்று சிரித்த என் மாணவர்களும் இதைப் படிப்பீர்கள். நீங்கள் வருத்தப்பட வேண்டாம். நான்தான் உங்களைச் சிரிக்க வைத்தேன். உங்களில் சிலர் இன்று ஆசிரியர்கள். உங்கள் வகுப்புக்கு ஒரு பிள்ளை முடியை நிறுத்திக்கொண்டு வந்தால், கூட்டத்தில் அழைக்காமல் தனியாகக் கூப்பிட்டு, “யாருப்பா பூசிவிட்டது?” என்று முதலில் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய எட்டாம் வகுப்பு ஆசிரியர்