அதிரசம் என்னும் பெயர்

கோலார் தங்கவயலில் தீபாவளி நெருங்கினால், அரிசி மாவும் வெல்லப் பாகும் சேர்ந்த ஒரே பண்டத்துக்கு மூன்று பெயர்கள் கேட்கும். தமிழர் அதிரசம் என்பர். கன்னடர் கஜ்ஜாய என்பர். தெலுங்கர் அரிசெலு என்பர். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டைப் பகுதிகளிலிருந்தும் சென்று குடியேறிய தமிழர் தங்களுடன் கொண்டுபோன பெயர் அதிரசம். அப்பெயரின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

இனிப்பை அளவு மீறி உண்டு மகிழும் இன்பத்துக்குத் தமிழில் தனிச்சொல் உண்டா? தெவிட்டல், திகட்டல் என்பன அவ்வின்பம் தீர்ந்தபின் வரும் சலிப்பையே குறிக்கின்றன. சாப்பாட்டு ராமன் என்பதோ உண்பவனை எள்ளும் பெயர். அவன் நாவில் நிகழ்வதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. நம் முன்னோர் அச்சொல்லை உண்பவனிடம் வைக்காமல் பண்டத்திடமே வைத்துவிட்டனர் போலும். அதி என்பது மிகுதி; ரசம் என்பது சுவை. இரண்டும் வடசொற்களே. சுவை வரம்பு கடந்துவிட்டது என்று பண்டமே அறிவித்துக்கொள்கிறது! மனோகரம் என்ற பெயரும் இவ்வகையினதே. முறுக்கை நொறுக்கி வெல்லப் பாகில் இட்டு உருட்டிய உருண்டைக்கு, மனத்தைக் கவர்ந்து செல்வது என்று பெயரிட்டவர் நாவின் இன்பத்தை நன்கு அறிந்தவராகவே இருந்திருப்பார்.

இவை வெறும் அடுக்களைச் சொற்களும் அல்ல. விஜயநகர வேந்தர் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் அதிரசப்படி, மனோகரப்படி என்னும் நிவேதனங்கள் காணப்படுகின்றன. இன்ன படிக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு நெய், இவ்வளவு சர்க்கரை என்று அளவும் வகுத்திருக்கின்றனர். மிகுதி என்று பெயர் பெற்ற பண்டத்துக்குக் கல்லில் வரம்பு கட்டியது வேடிக்கைதான். இன்றும், எண்ணெயிலிருந்து எடுத்தவுடன் இரு கரண்டிகளுக்கிடையே அழுத்தி மிகுதியைப் பிழிந்துவிட்டுத்தானே அதிரசத்தைப் பரிமாறுகிறோம்!

அலுவலகங்களுக்காகச் சொற்களைத் தேடித் தேடி ஆக்கும் மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு இப்பெயரைக் கண்டால் சற்றுப் பொறாமை உண்டாகிறது. எந்தக் குழுவும் கூடி இதனை ஏற்கவில்லை. உண்டவர் வாயிலேயே இது நிலைபெற்றது. ஆயினும், நிலைபெற்ற சொல்லுக்கு ஓர் இழப்பும் உண்டு. நாள்தோறும் வழங்கி வழங்கி, அதனுள் இருக்கும் 'அதி' காதில் விழாமற் போய்விடுகிறது. கஜ்ஜாய, அரிசெலு என்பவற்றைப் போல அதுவும் வெறும் பெயராகிவிடுகிறது.

2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. மாரிக்குப்பத்திலிருந்து இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் பலர். கடையில் கஜ்ஜாய என்று கேட்டு வாங்குவோரும், வீட்டுக்கு வந்ததும் அதிரசம் என்றே சொல்லக்கூடும். அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெயரைப் பிரித்துப் பொருள் சொல்லிவிட்டால், மூன்றாவது அதிரசத்துக்குக் கை நீட்டும்போது தடுப்பது தாய்மார்க்குச் சற்றுக் கடினமாகலாம்.